நடுவே ஆயிரம் வழி, வீட்டுக்கு ஒரே வாசல்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் முதல் வாரம். மலேசியாவில் இணையம் பயன்படுத்துவோர் சிலர் ஒரு விநோதத்தைக் கவனித்தனர். அவர்கள் தங்கள் கணினியில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற முகவரியை அமைத்து வைத்திருந்தார்கள். முதலாவது கூகுள் நிறுவனத்தின் பொதுப் பெயரேட்டுச் சேவை. இரண்டாவது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை. கணினி அந்த முகவரிக்குத்தான் கேள்வி அனுப்பியது. ஆனால் பதில் சொன்னது கூகுளும் இல்லை, கிளவுட்ஃபிளேரும் இல்லை. கேள்வியை நடுவழியில் வாங்கி, உள்நாட்டு இணையச் சேவை நிறுவனத்தின் சர்வரே பதில் தந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 7ஆம் தேதி மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், எம்சிஎம்சி, இதற்கு விளக்கம் அளித்தது. தீங்கு விளைவிக்கும் தளங்களிலிருந்து மக்களைக் காக்கவே இந்த ஏற்பாடு என்றது. செப்டம்பர் 30ஆம் தேதிக்குள் எல்லாச் சேவை நிறுவனங்களும் இதைச் செயல்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. மறுநாளே, செப்டம்பர் 8ஆம் தேதி, தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் இந்த நடவடிக்கையைத் தொடர வேண்டாம் என ஆணையத்திடம் கூறிவிட்டதாக அறிவித்தார். பொதுமக்களின் கண்டனமே அதற்குக் காரணம்.

இரண்டே நாளில் முடிந்த கதை இது. பலர் இதை மறந்தும் விட்டனர். ஆனால் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் மறக்கக் கூடாது. முகவரி, பொட்டலம், அணுகு வலையமைப்பு எனப் பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாக வரும் மூன்றும் அந்த இரண்டு நாள்களில் நாட்டு விவகாரமாக ஒன்றுசேர்ந்தன. ஒரு நிறுவனத்தால் நம் கேள்வியை நடுவழியில் திருப்ப முடிந்தது எப்படி? பத்து பாகாட்டில் உள்ள ஒரு வீட்டிலிருந்து பார்த்தால் விடை எளிதாகப் புரியும்.

86400 என்ன சொல்கிறது?

பத்து பாகாட் நகரின் அஞ்சல் குறியீடு 83000. அதே மாவட்டத்தில் உள்ள பாரிட் ராஜாவின் குறியீடு 86400. துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. குளுவாங் நகரின் குறியீடு 86000. ஆக, பாரிட் ராஜா நிர்வாகத்தில் பத்து பாகாட் மாவட்டம். அஞ்சல் எண்ணிலோ அது குளுவாங்கின் பக்கத்து வீடு. அஞ்சல் குறியீடு மாவட்ட எல்லையைப் பின்பற்றுவதில்லை.

பினாங்கில் கடிதங்களைப் பிரிக்கும் ஊழியருக்குப் பாரிட் ராஜாவின் தெருக்கள் தெரிய வேண்டியதில்லை. முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே ஜோகூர் மூட்டையில் போட்டுவிடலாம். ஜோகூருக்கு வந்த பிறகு அடுத்த இலக்கங்கள் பயன்படும். கடைசியாக, தபால்காரர்தான் வீட்டு எண்ணைப் பார்ப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் முகவரியின் ஒரு பகுதி மட்டும் போதும்.

இணைய நெறிமுறை முகவரியும், அதாவது ஐபி முகவரியும், இதே முறையில்தான் இயங்குகிறது. 8.8.8.8 என்று நான்கு எண்களாக நாம் எழுதுவது உண்மையில் 32 பிட் கொண்ட ஒரே எண். அதன் முன்பகுதி எந்த வலையமைப்பு என்பதைக் காட்டும். பின்பகுதி அந்த வலையமைப்புக்குள் எந்தக் கருவி என்பதைக் காட்டும். வழியில் உள்ள ரௌட்டர்கள் முன்பகுதியை மட்டும் பார்த்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிடுகின்றன. ஒரு ரௌட்டரிடம் பொருந்தக்கூடிய இரண்டு வழிகள் இருந்தால், எந்த வழியின் முன்பகுதி நீளமாக, அதாவது துல்லியமாக இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுக்கும். '86' என்ற மூட்டையும் '864' என்ற மூட்டையும் பக்கத்தில் இருந்தால், பாரிட் ராஜா கடிதம் '864' மூட்டைக்குத்தானே போகும்? இந்த விதியை நினைவில் வையுங்கள். ஒரு நாட்டின் உத்தரவு உலகையே பாதித்த கதைக்கு இது பின்னர் தேவைப்படும்.

32 பிட்டில் மொத்தம் 4,294,967,296 முகவரிகள்தாம் உண்டு. உலக மக்கள்தொகையைவிட இது குறைவு. உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுப்புகள் 2011 பிப்ரவரி 3ஆம் தேதி பகிர்ந்தளிக்கப்பட்டன. நம் வட்டாரத்துக்கு முகவரி வழங்கும் ஏப்நிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி தன் கடைசித் தொகுப்பைத் தொட்டது. அதன் பிறகும் கோடிக்கணக்கான கைப்பேசிகள் இணையத்தில் சேர்ந்தன. எப்படி?

உங்கள் வீட்டு வைஃபையில் கைப்பேசியின் முகவரியைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு தாமானிலும் 12ஆம் எண் வீடு இருப்பது போல, இவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனி முகவரிகள். வெளியே போகும்போது உங்கள் ரௌட்டர் தன் பொது முகவரியை ஒட்டி அனுப்புகிறது. கைப்பேசி நிறுவனங்களோ நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன. இதற்கு நிரந்தரத் தீர்வு 128 பிட் கொண்ட ஐபிவி6. அதில் கிடைக்கும் முகவரிகளை எழுத 340க்குப் பின்னால் 36 சுழியங்கள் போட வேண்டும்.

மூன்று மெகாபைட் படமும் 2,000 பொட்டலங்களும்

பழைய தொலைபேசி முறையில், நீங்கள் ஒருவரை அழைத்தால் உங்களுக்கும் அவருக்கும் இடையே ஒரு தடம் முழுதாக ஒதுக்கப்படும். இருவரும் பேசாமல் மௌனமாக இருந்தாலும் அந்தத் தடத்தை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. நடுவில் ஓர் இணைப்பகம் பழுதானால் அழைப்பு அறுந்துவிடும்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன் இதற்கு மாற்று தேடினார். அணுகுண்டுத் தாக்குதலில் சில நிலையங்கள் அழிந்தாலும் இயங்கக்கூடிய தொடர்பு முறை அவருக்குத் தேவைப்பட்டது. செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் சேருமிடத்தை எழுதி, கிடைக்கும் வழியில் அனுப்பலாம் என்றார். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் 1965இல் தனியாக இதே முடிவுக்கு வந்தார். அந்தத் துண்டுக்குப் 'பொட்டலம்' என்ற பொருள்தரும் 'பாக்கெட்' எனும் பெயரை வைத்தவர் அவர்தான். 1969 அக்டோபர் 29ஆம் தேதி அர்ப்பாநெட் வலையமைப்பில் முதல் செய்தி இந்த முறையில் போனது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் பாரிட் ராஜாவிலிருந்து நண்பருக்கு 3 மெகாபைட் அளவுள்ள ஒரு படத்தை அனுப்புகிறீர்கள். வழக்கமான பொட்டலம் 1,500 பைட் வரை கொள்ளும். ஆக, படம் ஏறக்குறைய 2,000 பொட்டலங்களாகப் பிரியும். ஒரு பொட்டலம் 12,000 பிட். வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அது வெளியேற 0.12 மில்லி வினாடி ஆகும். எல்லாப் பொட்டலங்களும் வெளியேறக் கால் வினாடிகூட ஆகாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் செல்கிறது. 14,000 கிலோமீட்டர் தொலைவில், கலிஃபோர்னியாவில் இருக்கும் சர்வரை எட்ட 70 மில்லி வினாடி. திரும்பி வர இன்னொரு 70. எவ்வளவு விலை கொடுத்து வேகமான திட்டத்தை வாங்கினாலும் இந்த 140 மில்லி வினாடியைக் குறைக்க முடியாது. இணைய விளையாட்டு ஆடுவோர் அருகில் உள்ள சர்வரைத் தேடுவதன் காரணம் இதுதான்.

பொட்டல முறையின் பலம் மாற்று வழியில் இருக்கிறது. 2023 மார்ச்சில் ஜோகூரைத் தாக்கிய வெள்ளத்தில் நீண்ட காலம் அவதிப்பட்ட மாவட்டம் பத்து பாகாட். ஒரு சாலை மூழ்கினால் லாரி ஓட்டுநர் என்ன செய்வார்? மேடான வேறு சாலையைப் பிடிப்பார். சற்று நேரமாகும், ஆனால் சரக்கு போய்ச் சேரும். இணையத்தின் நடுப்பகுதியும் அப்படித்தான். ஒரு கடலடிக் கம்பிவடம் அறுந்தால் பொட்டலங்கள் வேறு வடத்தில் போகும். சில தொலைந்தாலும் அனுப்பிய கணினி அதை அறிந்து மீண்டும் அனுப்பும்.

கடைசி மைலில் மாற்று வழி இல்லை

இந்தப் பலம் இணையத்தின் நடுப்பகுதிக்குத்தான் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து சேவை நிறுவனத்தின் முதல் நிலையம் வரை உள்ள பகுதிக்கு அணுகு வலையமைப்பு என்று பெயர். பேச்சு வழக்கில் 'கடைசி மைல்'. இங்கே பெரும்பாலும் ஒரே வழிதான்.

முன்பு அது செம்புக் கம்பி. 2010 மார்ச்சில் யூனிஃபை அறிமுகமான பிறகு கண்ணாடி இழை பல தாமான்களுக்கு வந்தது. கம்பிவடம் எட்டாத கம்போங்கிலும் தோட்டப்புறத்திலும் கைப்பேசிக் கோபுரமே அணுகு வலையமைப்பு. நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டதால், பழைய கைப்பேசி வைத்திருந்தவர்கள் 4ஜி கருவிக்கு மாற வேண்டியதாயிற்று. நடுவலையில் எதுவும் மாறவில்லை. வாசல் மாறியதும் அவர்கள் வெளியே நின்றனர்.

கடைசி மைலுக்கு இன்னொரு இயல்பும் உண்டு. அது பங்கிடப்படுவது. பரவலாகப் பயன்படும் ஜிபோன் எனும் கண்ணாடி இழை முறையில் ஒரே இழை பல வீடுகளுக்குப் பிரிகிறது. 32 வீடுகளுக்குப் பிரித்தால், அந்த 32 வீடுகளும் வினாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் வேகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எல்லாரும் ஒரே கணத்தில் முழு வேகத்தில் பதிவிறக்கினால் வீட்டுக்கு 78 மெகாபிட்தான் தேறும். அப்படியானால் 100 மெகாபிட் என்று விற்பது ஏமாற்றா? இல்லை. ஒரு வீட்டில் படிக்கிறார்கள், இன்னொரு வீட்டில் தூங்குகிறார்கள், வேறொரு வீட்டில் படம் பார்க்கிறார்கள். ஒருவர் பயன்படுத்தாத நேரத்தை மற்றவருக்குக் கொடுப்பதே பொட்டல முறையின் சிக்கனம். கோபுரத்தின் கொள்ளளவும் இப்படித்தான் பங்கிடப்படுகிறது. பள்ளி விடுமுறையின் இரவு 9 மணிக்கு ஒரே கோபுரத்தை எல்லாரும் மொய்த்தால் பொட்டலங்கள் வரிசையில் காத்திருக்கும். வரிசை நிரம்பினால் தூக்கி எறியப்படும். 'லைன் ஸ்லோ' என்று நாம் சொல்வதன் பொருள் பல நேரங்களில் இதுதான்.

வெள்ளத்தில் கோபுரத்துக்கு மின்சாரம் நின்றுவிட்டால், பால் பாரனின் மாற்று வழித் தத்துவம் அங்கே உதவாது. பொட்டலம் முதல் அடியையே எடுத்துவைக்க முடியாது. அணுகுண்டைத் தாங்க எண்ணிய முறையை ஒரு பேட்டரி தீர்ந்துபோவது முடக்கிவிடும்.

இப்போது முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. உங்கள் பொட்டலங்கள் அனைத்தும் சேவை நிறுவனத்தின் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 8.8.8.8 என்று முகவரி எழுதியிருந்தாலும், அந்த வாசலில் நிற்பவர் அதைப் படித்து வேறு பக்கம் திருப்ப முடியும்.

பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்பவர்

எதைத் திருப்பினார்கள்? எல்லாப் பொட்டலங்களையும் அல்ல; பெயரேட்டுக் கேள்விகளை மட்டும். நாம் தளங்களைப் பெயரால் அழைக்கிறோம், ரௌட்டர்களுக்கோ எண் வேண்டும். இணையத்தின் தொடக்க காலத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. பெயர்கள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் எனும் பகிர்ந்தளிக்கப்பட்ட பெயரேட்டை வடிவமைத்தார். நம் நாட்டின் 'டாட் மை' பெயர்களை இன்று மைநிக் நிறுவனம் நிர்வகிக்கிறது.

நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது, முதலில் போவது பெயரேட்டுக் கேள்விதான். வழக்கமாக அது சேவை நிறுவனத்தின் சர்வரிடம் போகும். நாட்டில் தடைசெய்யப்பட்ட தளமாக இருந்தால், அந்த சர்வர் சரியான எண்ணைத் தராது. தளம் அழிக்கப்படவில்லை, தொலைபேசிப் புத்தகத்திலிருந்து பெயர் மட்டும் கிழிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வேறொரு புத்தகத்தைப் பார்ப்பவருக்கு, அதாவது 8.8.8.8ஐ அமைத்துக்கொண்டவருக்கு, தடை பொருந்தவில்லை. எம்சிஎம்சி மூட நினைத்தது இந்தச் சந்தைத்தான்.

ஆணையத்தின் நோக்கத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்கள் முடக்கப்பட்டதாக அது தெரிவித்தது. அவற்றில் 39 விழுக்காடு இணையச் சூதாட்டம். 31 விழுக்காடு ஆபாச உள்ளடக்கம். இவ்விரண்டு மட்டுமே பத்தில் ஏழு பங்கு. பதிப்புரிமை மீறல் 14 விழுக்காடு, இதர தீங்கான தளங்கள் 12 விழுக்காடு, விபச்சாரம் 2 விழுக்காடு, சட்டவிரோத முதலீடும் மோசடியும் 2 விழுக்காடு. இணையச் சூதாட்டத்தில் சம்பளத்தை இழந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள், 'எல்லாம் தனிமனிதச் சுதந்திரம்' என்று சொல்லிக் கடந்துபோக மாட்டார்கள்.

ஆனால் வழிமறிப்பு என்ற கருவியின் குறைகளும் சிறியவை அல்ல. பாடநூலில் படித்ததை வைத்தே அவற்றை எடைபோடலாம்.

முதலாவது, நம்பகம். கடிதத்தின் மேல் ஒருவர் பெயரை எழுதி அனுப்புகிறோம். வேறொருவர் பிரித்துப் படித்து, அவர் பெயரிலேயே பதில் எழுதுகிறார். நோக்கம் நல்லதாக இருந்தாலும் பழக்கம் ஆபத்தானது. பொதுவிடத்து வைஃபையில் மோசடிக்காரர்கள் செய்வதும் இதே வித்தைதான். பெயரேட்டுக்குப் பொய் சொல்ல முடியும். ஆனால் வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் போலியாகக் காட்டுவது கடினம். அதனால்தான் உலாவி எச்சரிக்கை காட்டுகிறது. திருப்பிவிடுவது வழக்கமாகிவிட்டால், மக்கள் அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் தட்டிவிட்டுப் போகக் கற்றுக்கொள்வார்கள். மோசடியைத் தடுக்க வந்த ஏற்பாடு மோசடிக்காரனுக்கு உதவியாகிவிடும்.

இரண்டாவது, பயன். சாதாரண பெயரேட்டுக் கேள்வி திறந்த அஞ்சலட்டை போல, யாரும் படிக்கக்கூடிய வடிவில் 53ஆம் எண் போர்ட்டுக்குப் போகிறது. அதனால் அதை அடையாளம் கண்டு திருப்புவது எளிது. ஆனால் 2018இல் தரமாக்கப்பட்ட ஒரு முறை இக்கேள்வியைச் சாதாரண இணையப் போக்குவரத்துக்குள் மறைகுறியாக்கி அனுப்புகிறது. விவரம் தெரிந்தவர் அதற்கோ விபிஎன் சேவைக்கோ மாறிவிடுவார். சூதாட விரும்புகிறவர் வழி கண்டுபிடித்துவிடுவார். சிக்கிக்கொள்பவர், தன் அலுவலகப் பாதுகாப்புக்காகவோ வேகத்துக்காகவோ பொதுப் பெயரேட்டைப் பயன்படுத்திய சாதாரண மனிதரும் சிறு நிறுவனமும்தான்.

மூன்றாவது, கருவியின் துல்லியம். ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கக்கூடும் என்பதைப் பார்த்தோமானால், முகவரியைத் தடுப்பது ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒருவர் செய்த தவற்றுக்காகப் பிளாட் முழுவதையும் பூட்டுவதற்குச் சமம். பெயரைத் தடுப்பது அதைவிடத் துல்லியமானது. ஆனாலும் அது ஒரு தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தடுக்காது. தளம் முழுவதையும் மறைத்துவிடும்.

வாசலில் நடக்கும் தவறு வெளியே பரவும்

வாசலில் நிற்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. தவறு செய்தாலே போதும். இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம்.

2008 பிப்ரவரியில், பாகிஸ்தான் அரசு யூடியூப் தளத்தைத் தடுக்க உத்தரவிட்டது. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம், யூடியூப் முகவரிகளின் ஒரு பகுதிக்கு 'இங்கே வாருங்கள்' என்ற பொய்யான வழியைத் தன் வலையமைப்பில் அறிவித்தது. உள்நாட்டுப் பொட்டலங்களைப் பிடித்துக் குப்பையில் போடுவதே திட்டம். அந்த அறிவிப்பு தவறுதலாக வெளிநாட்டு நிறுவனம் வழியே உலகத்துக்கும் போய்விட்டது. யூடியூப் அறிவித்திருந்த முன்பகுதியைவிடப் பாகிஸ்தான் அறிவித்தது நீளமானது. நினைவிருக்கிறதா? நீளமான முன்பகுதியே வெல்லும். '86' மூட்டைக்குப் போக வேண்டிய கடிதங்கள் எல்லாம் '864' என்று எழுதிய தவறான மூட்டையில் விழுந்தன. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிடைக்கவில்லை. ஒரு நாட்டுக்குள் போட்ட தடை உலகத் தடையானது.

இரண்டாவது நிகழ்ச்சி நம் வீட்டுக் கதை. 2015 ஜூன் 12ஆம் தேதி மாலை, நம் நேரப்படி 4.43 மணி. டெலிகாம் மலேசியா நிறுவனத்தின் வலையமைப்பு, ஏறக்குறைய 179,000 முகவரித் தொகுப்புகளுக்கான வழிகளைத் தவறுதலாக லெவல் 3 எனும் பெரிய பன்னாட்டு நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டது. அதை அந்த நிறுவனமும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது. உலகின் பல பகுதிகளில் புறப்பட்ட பொட்டலங்கள் மலேசியா வழியாகப் போகத் தொடங்கின. குறுகிய பாலத்தில் நெடுஞ்சாலை வாகனங்களை எல்லாம் திருப்பிவிட்டது போல வரிசைகள் நிரம்பின, பொட்டலங்கள் தொலைந்தன. சுமார் இரண்டு மணி நேரம் பல நாடுகளில் இணையம் தடுமாறியது. டெலிகாம் மலேசியா பின்னர் மன்னிப்புக் கேட்டது.

இரண்டிலும் சதி எதுவும் இல்லை. வலையமைப்புகள் ஒன்றையொன்று நம்பியே வழிகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அந்த நம்பிக்கையைச் சரிபார்க்கும் வடிகட்டிகள் அன்று போதுமானதாக இல்லை. முகவரிகளைத் திருப்பும் ஏற்பாடுகள் எவ்வளவு கூடுகின்றனவோ, தவறு நடக்கக்கூடிய இடங்களும் அவ்வளவு கூடும். 2024இல் எழுந்த கண்டனத்தின் ஒரு பகுதி அரசியல் கலந்தது. ஆனால் அதற்குள் இருந்த இந்தத் தொழில்நுட்பக் கவலை நியாயமானது.

நாம் கேட்க வேண்டியவை

அமைச்சர் நிறுத்தச் சொன்னதோடு விவகாரம் தீர்ந்துவிடவில்லை. சேவை நிறுவனங்களின் சொந்தப் பெயரேட்டில் தடைகள் முன்பு போலவே இருக்கின்றன. இருக்கவும் வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். வாசல் ஒன்றாக இருக்கும்வரை, அதை யார், எந்த விதியின்படி, எப்படிக் காவல் காக்கிறார் என்ற கேள்வி மீண்டும் வரும். அப்போது 'தணிக்கை வேண்டும்', 'வேண்டாம்' என்று கட்சி கட்டுவதைவிட, சில தெளிவான கேள்விகளைக் கேட்பது பயன்தரும்.

தடுக்கப்பட்ட தளத்தைத் திறக்கும்போது, எந்தக் காரணத்துக்காக, எந்தச் சட்டப்படி தடுக்கப்பட்டது என்று சொல்லும் பக்கம் தெரிகிறதா? அல்லது இணைப்புக் கோளாறு போலத் திரை வெறுமையாக நிற்கிறதா? 1998இல் இயற்றப்பட்ட தொடர்பு பல்லூடகச் சட்டத்தில் மேல்முறையீட்டு நடுவர் மன்றத்துக்கு இடம் அளிக்கப்பட்டிருந்தது. ஆனால் தன் தளம் தடுக்கப்பட்டதா, பழுதானதா என்றே தெரியாத ஒரு சிறு வணிகர் எதை வைத்து மேல்முறையீடு செய்வார்? தளங்களின் பெயர்களை எல்லாம் வெளியிடுவது சரியாகாது. அதுவே சூதாட்டத் தளங்களுக்கு விளம்பரமாகிவிடும். எண்ணிக்கையையும் வகையையும் தவறுதலாகத் தடுத்து விடுவித்த விவரத்தையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை வெளியிடலாம். 2024இல் 24,277 என்ற எண் வெளிவந்தது சர்ச்சை எழுந்த பிறகுதான்.

இன்னொரு கேள்வி பத்து பாகாட் போன்ற மாவட்டங்களுக்கே உரியது. வெள்ள நிவாரண மையங்களாகும் பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும், மருத்துவமனைகளுக்கும் இரண்டாவது வாசல் உண்டா? ஒரு கண்ணாடி இழை அறுந்தால் வேறொரு கோபுரம், கோபுரம் சாய்ந்தால் துணைக்கோள் என ஏற்பாடு இருக்கிறதா? இணைப்பு வேகத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வேகம் எவ்வளவு என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். மின்சாரம் நின்றால் இந்தக் கோபுரம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யாரும் போடுவதில்லை.

மாணவர்கள் இன்றே செய்து பார்க்கக்கூடிய மூன்று சிறு சோதனைகள் உண்டு. கைப்பேசியின் வைஃபை அமைப்பைத் திறந்து உங்கள் ஐபி முகவரியைப் பாருங்கள். தனி முகவரியா, பொது முகவரியா என்று சொல்லுங்கள். அதே பக்கத்தில் டிஎன்எஸ் என்று எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். உங்கள் பெயரேட்டுக் கேள்வி எந்த முகவரிக்கு அனுப்பப்படுகிறது என்பது தெரியும். மூன்றாவதாக, கணினியில் ட்ரேஸ்ரூட் கட்டளையை இயக்கி, உள்நாட்டுத் தளம் ஒன்றுக்கும் வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்கும் பொட்டலம் எத்தனை ரௌட்டர்களைத் தாண்டுகிறது என்று எண்ணுங்கள். எந்தத் தளத்தைத் தேடினாலும் பட்டியலின் முதல் ஓரிரு வரிகள் மாறாமல் இருப்பதைக் காண்பீர்கள். அதன் பிறகுதான் வழிகள் பிரியும். மாறாத அந்த வரிகள்தாம் உங்கள் வாசல். அடுத்த முறை இணையத்தைப் பற்றி ஓர் உத்தரவு செய்தியில் வந்தால், அது அந்த வாசலை என்ன செய்யப்போகிறது என்று முதலில் கேளுங்கள்.